நுனி வெட்டிய பைன்

சாம்பிராணிக்கும் டர்பன்டைனுக்கும் நடுவில் ஒரு வாசனை. பம்பாய் லேபர் கேம்ப்பில் உங்கள் வீட்டு மாடி ஏணியில் ஏறும்போதே மூக்கில் அடித்தது. பைன் பிசின். நல்ல கன்று இப்படி மணக்காது. எங்கோ அடிபட்டிருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

கடைசி லீவில் மலை நர்சரியிலிருந்து நீ ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கன்று. "பம்பாய் வெயில்ல இது தாங்காதுல" என்றேன். "நீ கூட்டுப்புழுவக்கூட கதவத் தட்டி எழுப்புத ஆளு. பொறுத்துப் பாருல" என்று சிரித்தாய். இரண்டு பேரும் பூச்சியியல்தான் படித்தோம். நீ காட்டுக்குப் போனாய். நான் செம்பூர் ஃபிளாட்டுகளில் கரப்பானுக்கு மருந்து வைக்கிறேன். நீ திரும்பிப் போன கொஞ்ச நாளில் நர்சரி ஜீப் மழையில் உன்னோடு உருண்டது. இங்கே கன்று மட்டும் மிஞ்சியது.

இப்போது அதன் நடு நுனி பழுத்துக் கொக்கிபோல் தொங்கியது. அதற்குக் கீழே ஒரு துளை. பிசினும் எச்சமும் கலந்த கட்டி. குருத்துத் துளைப்பான். இந்த வட்டாரத்தில் வேறு பைன் ஏது? புழுவையும் சேர்த்துத்தான் கொண்டுவந்திருக்கிறாய். உன் அம்மா அம்மை கண்ட பிள்ளைக்குச் செய்வதுபோல் துளைமேல் மஞ்சளை அப்பி, வேப்பிலை செருகியிருந்தார்.

"அத்தே, மஞ்சளுக்கெல்லாம் புழு சாவாது. நுனிய வெட்டணும்."

"வெட்டவா? போலே அங்கிட்டு! எம்புள்ள கையால வச்சது."

"உள்ள தின்னுக்கிட்டே கீழ எறங்குது. விட்டா மொத்தமும் போயிரும்!" கத்திவிட்டேன்.

கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, என்ன ஆச்சு என்று இந்தியில் கேட்டார். "க்யா ஹுவா, மௌசி?"

அத்தை திரும்பவில்லை. "வெட்டுனா பெறவு நுனியே இருக்காதோ?"

"பக்கக் கிளை ஒண்ணு நிமிந்து நுனியாயிரும்."

"செடிக்குச் சரி. எங்க வீட்டுல எது நிமிரும்?"

குனிந்து துளைமேல் இருந்த மஞ்சளைத் துடைத்தேன். கடைசியில் அவரே கத்தியை எடுத்துவந்து தண்டைப் பிடித்துக்கொண்டார். வெட்டி, பிளந்து காட்டினேன். புழு நெளிந்தது. "இத்தினிக்காண்டு புழுவா?" என்றார், நம்பாமல்.

ஞாயிறுதோறும் போய்ப் பார்க்கிறேன். பக்கக் கிளைகள் எல்லாம் படுத்தே கிடக்கின்றன. மாதக்கணக்கில் ஆகும், படித்ததுதான். ஆனால் எது நிமிரும் என்ற அத்தையின் கேள்வி என்னோடு ரயில் ஏறுகிறது, யார் யார் வீட்டு அடுப்படியிலோ குனியும்போதும் கூட வருகிறது.

போன வாரம் கிளம்பும்போது, "எங்க ஓடுத? இருந்து சாப்பிட்டுப் போ" என்றார் அத்தை. உன் தட்டில் சோறு போட்டார். உட்கார்ந்தேன்.