கொதிக்காத கெட்டில்

அம்மாவுக்கு, கோஹெய் வணக்கத்துடன் எழுதுவது.

அங்கே பனி கொட்டுவது நின்றதா? முட்டிவலி தேவலையா? நான் நலம்.

ஆபீசில் ஒரு சின்னத் தவறு நடந்துவிட்டது. தனியாக இருக்கும் பெரியவர்கள் காலையில் இணையத்தோடு இணைந்த எங்கள் மின்கெட்டிலைப் போடாவிட்டால் பிள்ளைகளுக்கு எச்சரிக்கை அனுப்பும் சர்வர்களை இப்போது ஏஐ உதவியாளர்தான் நிர்வகிக்கிறது. எதையும் நிறுத்துமுன் என்னிடம் அனுமதி கேட்கும். மேலாளர் தொகாஷி, "தினம் நூறு கேக்கும், உக்காந்து படிச்சிட்டிருப்பியா? ஓகேய அமுக்கிட்டு வேலையப் பாருய்யா" என்றார். அமுக்கினேன். மாதக்கணக்கில் யாருக்கும் ஒன்றும் ஆகாததால் சும்மா கிடந்த எச்சரிக்கை சர்வரை நிறுத்தவா என்று ஏஐ கேட்டபோதும் அப்படித்தான் படிக்காமல் அமுக்கினேன்; அது அணைந்தது. ஒகாயா என்ற பெரியவர் விழுந்துகிடந்தது நான்காம் நாள் கதவை உடைத்தபோதுதான் தெரிந்தது. உயிர் இல்லை.

வாடிக்கையாளர் பட்டியலில் அவருக்கு அடுத்த பெயர் உங்களுடையது.

இனி கெட்டிலை நம்பாதீர்கள். எழுந்ததும் எனக்குப் போன் பண்ணுங்கள். விசாரணைக்குக் கூப்பிடுகிறார்கள், கடிதத்தை முடிக்கிறேன். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் சரி, போனில் ஒரு தடவை இருமினால் போதும்.

கோஹெய்