ஆறாயிரத்து ஐந்நூறு

நான் வாய் மூடியிருந்தது போதும். ஒன்பது வருடங்கள். அதில் எட்டு வருடம் நீ கொட்டாஞ்சேனையில் உயிரோடு இருந்தாய், நான் வெள்ளவத்தையில் இருந்தேன். நடுவில் ஒரு பஸ் பயணம்தான். இரண்டு பேருமே ஏறவில்லை.

போன வெள்ளிக்கிழமை காலி வீதிப் பெற்றோல் ஷெட்டில் நின்றேன். பின்னால் ஒரு சீழ்க்கை கேட்டது. எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் சுப்பர்சார்ஜரின் பெல்ட் சுழலும்போது வரும் அந்த மெல்லிய ஊளை. கொழும்பில் அப்படிக் கத்தும் கார்கள் இன்னும் சில இருக்கலாம். ஆனால் அது நம்முடைய கார் என்று திரும்பிப் பார்க்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அதே வெள்ளைக் கார். உன் மகள் இறங்கினாள். உன் நெற்றி, உன் அவசரம்.

அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. கடைசியாகக் கண்டபோது அவளுக்குப் பதினான்கு வயது. எனக்குத் தாடியும் இல்லை, இந்த நரையும் இல்லை.

"நல்ல சத்தம், மகள். எஞ்சின் புதுசோ?" என்றேன்.

"ரீகண்டிஷன் அங்கிள். ரிங் மட்டும் மாத்தினது. ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் மெல்லமா ஓடச் சொல்லியிருக்காங்க."

"பிறகு?"

"பிறகு என்ன? லிமிட் வரைக்கும் மிதிக்கிறதுதான்!" உன்னைப் போலவே தோளைக் குலுக்கிச் சிரித்தாள். "நிமிஷத்துக்கு ஏழாயிரத்து ஐந்நூறு சுற்று. பழைய கம்ப்யூட்டர்ல அப்பா போட்டது."

எஞ்சினுக்குள் வேறு என்ன மாற்றியிருக்கிறது என்று அவளிடம் கேட்டேன். ஒன்றும் இல்லையாம். பிஸ்டன், கனெக்டிங் ரொட், அதன் போல்ட் எல்லாம் கம்பனி சாமான்.

"அப்ப அதுக்கு ஏழரை ஆயிரம் அதிகம் இல்லையோ?"

"அது அப்பா தனியப் போட்ட நம்பர் இல்ல அங்கிள். ரெண்டு பேர் சேர்ந்து லொக் பண்ணினது. ஒருத்தர் நினைச்சா மாத்த ஏலாது. அதாலதான் நம்பி ஓடுறன். பாஸ்வேர்ட்ல அப்பாட பாதி அம்மாவுக்குத் தெரியும். மத்தப் பாதி அந்த ஆளுக்கு மட்டும்தான்."

"அந்த ஆள் எங்கே?"

"தெரியாது. தேவையும் இல்ல. போல்ட்டை ஒழுங்கா இறுக்காம அப்பாட காலை முடமாக்கினவன்."

பெற்றோலுக்குக் காசை எண்ணிக் கொடுத்தேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. ஒரு கணம், உடையட்டும், அப்போதாவது யார் சரி என்று தெரியும் என்று நினைத்தேன். உன் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே நினைத்தேன். அன்றிலிருந்து எனக்குச் சரியான நித்திரை இல்லை.

இரத்மலானைக் கராஜில் நாம் அந்த எஞ்சினைப் பூட்டிய நாட்களை நினைக்கிறேன். நான் ஒவ்வொரு போல்ட்டாக இறுக்க, இறுக்கியதன் சாட்சியாக நீ உன் மனைவியின் நெயில் பொலிஷால் அதன் தலையில் ஒரு சிவப்புக் கோடு போட்டாய். எட்டுப் போல்ட்டுக்கும் கோடு போட்டவன் நீ. அதற்குப் பிறகும் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "அவன் சரியா இறுக்கல்ல" என்று சொன்னாய். என் படிப்பை நீ கேலி செய்ததை மன்னித்திருப்பேன். என் கையைக் குறை சொன்னதை இன்னும் மன்னிக்க முடியவில்லை.

எஞ்சினின் கணினியைப் பூட்டும் கடவுச்சொல்லுக்கு எட்டு இலக்கம். உன்னுடையது நாலு, என்னுடையது நாலு. ஒருவன் அடிக்கும்போது மற்றவன் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். "டேய் புரொபெசர், கலண்டர்ல இருக்கிற பிள்ளையாரைப் பார். கும்பிடு. திரும்பாத!" என்பாய். நான் ஒருநாளும் திரும்பவில்லை. நீயும் திரும்பவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஆறாயிரத்து ஐந்நூறு சுற்றுக்கு மேல் போகக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணத்தை உனக்கு ஒரு சிகரெட் பெட்டியின் பின்புறம் கீறிக் காட்டினேன். சுப்பர்சார்ஜர் திணிக்கும் காற்று, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ரொட்டைக் கீழே தள்ளுகிறது. அளவோடு தள்ளினால் கம்பனி ரொட் தாங்கும். அதை முறிப்பது இழுவை. புகையைத் தள்ளிவிட்டு பிஸ்டன் உச்சியில் நின்று திரும்பும்போது, அதை மேலிருந்து அமர்த்த எந்த அழுத்தமும் இல்லை. ரொட்டும் இரண்டு போல்ட்டும்தான் அதைப் பிடித்துக் கீழே இழுக்க வேண்டும். அந்தப் பாரம் சுற்றோடு சேர்ந்து நேராகக் கூடுவதில்லை, வர்க்கமாகக் கூடுகிறது. ஆறரையிலிருந்து ஏழரைக்குப் போனால் மூன்றில் ஒரு பங்கு அதிகம். கம்பனி போட்ட சிவப்புக் கோடே ஆறாயிரத்து எண்ணூறு. சுற்றுக் கூடினால் பெல்ட்டும் வேகமாகச் சுழன்று இன்னும் சூடான காற்றைத் திணிக்கும் என்பதால் முந்நூறு குறைத்தேன். நீ பெட்டியை வாங்கிப் பார்த்தாய். "இதுக்குள்ள ஒரு சிகரெட்டும் இல்லையே மச்சான்" என்றாய்.

ஒரு சனிக்கிழமை கராஜில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நீ என் தோளில் கை போட்டு, "இவன் இந்தக் காரை வெள்ளவத்தை மார்க்கெட்ல முருங்கைக்காய் வாங்கப் போறதுக்கு டியூன் பண்ணியிருக்கான்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிப்பது போல நின்றேன்.

அடுத்த வாரம் நான் வேலை செய்யும் கந்தோருக்கு நீ தொலைபேசியில் அழைத்தாய். "மச்சான், உன்ட நாலு நம்பர சொல்லு. கொஞ்சம் கூட்டிப் பார்க்கணும்." முடியாது என்று சொல்லியிருக்கலாம். பூட்டை இரண்டாகப் பிரித்ததே அதற்காகத்தான். என் காதில் அந்தச் சிரிப்பு இருந்தது.

"எழுதிக்கொள். ஆறு, அஞ்சு, சைபர், சைபர்."

"சீ, இதுவாடா? இதை நான் நினைக்கவே இல்லையே!"

"உடைஞ்சா எனக்குச் சொல்லாத" என்று வைத்துவிட்டேன்.

நீ சொல்லவில்லை. ஞாயிறு காலை நெடுஞ்சாலையில் ரொட் முறிந்து எஞ்சினின் பக்கத்தைத் துளைத்து வெளியே வந்ததும், சிந்திய எண்ணெயில் சில்லு வழுக்கிக் கார் தடுப்பில் மோதியதும், உன் வலது கால் நசுங்கியதும் செவ்வாய்க்கிழமைதான் வேறு ஆட்கள் சொல்லித் தெரியவந்தது. அதுவரை நீ என் சொல் கேட்டு நடந்தது அந்த ஒரு விஷயத்தில்தான்.

நான் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. போன வருடம் சிறுநீரக நோய் உன்னைக் கொண்டுபோனபோதும், உங்கள் ஒழுங்கையில் சாவீட்டு வெள்ளைக் கொடிகள் தொடங்கும் இடம்வரை வந்து திரும்பிவிட்டேன். நீ பொய் சொன்னாய் என்ற ஒன்றைத்தான் இவ்வளவு காலமும் பிடித்துக்கொண்டிருந்தேன். போல்ட்டைப் பற்றி நீ சொன்னது பொய்தான். ஆனால் என் நாலு இலக்கம் இல்லாமல் ஏழாயிரத்து ஐந்நூறு உள்ளே போயிருக்காது. நாம் இருவரும் ஒத்துக்கொண்ட இலக்கம் என்று உன் மகள் நம்புகிறாள். அவளை ஏமாற்றுவது உன் பொய் அல்ல, என் கோபம்.

இப்போதும் யாராவது என் முன்னால் கடவுச்சொல் அடித்தால் நான் சுவரைப் பார்க்கத் திரும்பிவிடுகிறேன். கந்தோரில் சிரிக்கிறார்கள். உன்னோடு இருந்த காலத்தில் எனக்கு மிஞ்சியது அந்தத் திரும்புதல்தான்.

இந்த மடலை உன் பெயருக்கு, உன் வீட்டுக்கே தபாலில் போடுகிறேன். இறந்தவனுக்கு வரும் கடிதத்தை வீட்டில் யாராவது பிரித்துத்தானே ஆக வேண்டும். கடவுச்சொல்லின் மற்றப் பாதி அவளுக்கு இந்த மடலுக்குள் கிடைக்கும். லிமிட்டாகப் போட வேண்டியதும் அதே இலக்கம்தான்.

கையெழுத்துப் போடப்போவதில்லை. நான் யாரென்று அவளுக்கு விளங்கும். ஆனால் பெயர் இருந்தால் அவள் பதில் சொல்ல வேண்டி வரும்: அப்பா பொய்யரா, இந்த ஆள் பொய்யனா என்று. அந்தத் தீர்ப்பு அவளுக்கு வேண்டாம். ஆயிரம் கிலோமீட்டர் முடிவதற்குள் இலக்கத்தை மட்டும் மாற்றட்டும்.