வெட்டப்பட்ட முதல் வரி

9 ஜூலை 1998, வியாழன்

என் குறிப்பின் முதல் வரியை வெட்டியவன் ரகு. வேலை போவது செல்விக்கு.

ஃபாக்ஸ்ப்ரோ என்ற கம்ப்யூட்டர் மென்பொருளில் பழைய பதிவுகளை அழிக்கும் முறையை என் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். 'முதலில் ஃபிளாப்பியில் நகல் எடு' என்றுதான் அது தொடங்கும். எல்லாம் ஒரே தாளில் அடங்க வேண்டுமென்று ரகு அந்த வரியை விட்டுவிட்டுத் தட்டச்சு செய்து, எல்லோர் மேசையிலும் ஒட்டியிருக்கிறான். சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத செல்வி அதைப் பார்த்துத்தான் இன்று வேலை செய்தாள். எந்த வருடத்துக்கு முந்தையதை அழிப்பது என்ற இடத்தில் ஓர் எண்ணைத் தவறாக அடித்தாள். பிரேசர் டவுன் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் நோயாளிப் பட்டியல் முழுவதும் அழிந்தது. நகல் இல்லை. மானேஜர் அவளை ராஜினாமா எழுதச் சொன்னபோது ரகு வாயே திறக்கவில்லை.

ரகுவைப் படிக்கட்டில் மறித்து, அந்த வரியை ஏன் விட்டாய் என்று கேட்டேன்.

"அது கமாண்டே இல்லயே சார், அட்வைஸ். காலேஜ்ல படிச்சவங்க யாரும் இப்டி எழுத மாட்டாங்க" என்று சிரித்தான்.

"காலேஜ்ல வாயத் திறக்கச் சொல்லித் தரலியாடா?" என்றேன். போய்விட்டான்.

நாளை பரிசோதனைக் கூடத்தின் பதிவேட்டைப் பார்த்து எல்லாப் பெயரையும் ரகுவே மறுபடி ஏற்ற வேண்டும். அதற்கு முன் மானேஜரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். அவன் சொல்லாவிட்டால் நான் சொல்வேன். நான் அலுவலகம் போய்ச் சேரும்வரை செல்வி எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடக் கூடாது.