ஒரு நாளும் மஞ்சளாகாதவள்

இன்று காலையும் என் திரை மங்கி, நடுவில் நீ எழுதி வைத்த வரி வந்து நின்றது: "எந்திரிடி எருமை. தண்ணி குடி." உன்னைக் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்த பிறகும் என்னை அதட்டுகிறாய். அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது.

என் கழுத்து வலியைப் பார்க்கச் சகிக்காமல், மணிக்கொரு தரம் ஓய்வெடுக்கச் சொல்லும் அந்த மென்பொருளை என் கணினியில் போட்டவள் நீ. ஆனால் நம் ஜொகூர் பாரு அலுவலகத்தில் மௌஸ் சற்று நேரம் அசையாவிட்டால் மேனேஜரின் திரையில் நம் பெயர் மஞ்சளாகிவிடும். மாலையில் கூப்பிட்டு, "தூங்கவா வந்தீங்க?" என்பார். அதற்கும் நீ ஒரு வழி வைத்திருந்தாய். "நீ போ லா, நான் பாத்துக்கிறேன்" என்று பக்கத்து மேசையிலிருந்து இடது கையை நீட்டி என் மௌஸை ஆட்டிக்கொண்டே உன் வேலையைப் பார்ப்பாய்.

நான் திரும்பி வந்து, "இப்ப நீ போடி, நான் ஆட்டுறேன்" என்றால், "இந்த ஒன்னு முடியட்டும்" என்பாய். உன் திரையிலும் அதே மென்பொருள்தான். அது வரும்போதெல்லாம் 'பிறகு' பொத்தானை அமுக்குவாய். கால் வீங்கியிருக்கிறதே என்று கேட்டேன். "அலமாக், சப்பாத்து இறுக்கம்" என்று காலணி மேல் பழியைப் போட்டாய். சப்பாத்தாம்! காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போய்விட்டது, அசையாமல் உட்கார்ந்தே இருந்ததும் ஒரு காரணம் என்று டாக்டர் சொன்னபோது, குளுவாங்கிலிருந்து வந்திருந்த உன் அம்மா என் முகத்தைத்தான் பார்த்தார்கள். என்ன சொல்வேன் அவர்களிடம்? ஊருக்கு உபதேசம், உனக்கு மட்டும் 'பிறகு'. உன் மேல் இருக்கிற கோபம் ஆறவே மாட்டேன் என்கிறது.

நேற்று மேனேஜர் என் மேசைக்கு வந்து, "அந்த சாப்ட்வேரை எடுத்துடும்மா, வேலை கெடுது" என்றார். போதாததற்கு, "நல்ல பிள்ளை அவ, ஒரு நாளும் மஞ்சளானதே இல்ல" என்று உன்னைப் புகழ வேறு செய்தார். எனக்கு வந்ததே ஆத்திரம்! "அதனாலதான் செத்தா" என்றேன். அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

நான் அதை எடுக்கவில்லை. வேலை போனால் போகட்டும். இங்கே எல்லோரும் இப்போது உன் வழியைத்தான் பிடித்திருக்கிறார்கள்; ஒருவர் எழுந்தால் பக்கத்து மேசைக்காரர் மௌஸை ஆட்டுகிறார். இன்று உன் அதட்டல் கேட்டு நான் எழுந்ததும், உன் நாற்காலிக்குப் புதிதாக வந்தவள் என் மௌஸுக்குக் கையை நீட்டினாள். "நீங்க போங்கக்கா, நான் பாத்துக்கிறேன்."

அந்தக் கையைப் பிடித்து அவளையும் எழுப்பினேன். இரண்டு மௌஸும் அப்படியே கிடந்தன. மஞ்சளாகட்டும்.