எட்டாத பந்துக்குப் பிழை இல்லை

மார்ச் 1, ஞாயிறு

காலை முழுக்கத் தூறல். பத்து மணிக்கு வெளித்தது. மைதானம் சேறு. ஸ்கோர்ப் புத்தகத்துக்கு உறை கொண்டுபோக மறந்துவிட்டேன். மூன்றாம் இன்னிங்ஸ் பக்கம் நனைந்து பென்சில் ஓடவில்லை.

வென்றோம், 8-6. அடுத்த ஞாயிறு இறுதிப் போட்டி. எங்கள் பெண்கள் அணி பேஸ்போலில் இவ்வளவு தூரம் வந்தது இதுதான் முதல் தரம். எனக்கு முழங்கால் போன பிறகு விளையாட்டு இல்லை, கணக்கு எழுதுவது மட்டும். என்றாலும் இன்றைக்கு நானே அடித்ததுபோல ஒரு புளுகம், அப்படிச் சந்தோஷம்.

ஜனவரியில் வந்து சேர்ந்த ஜெஸ் இரண்டு நீள அடி. ஒன்று வேலிக்கு மேலால் போய்க் கார் நிறுத்துமிடத்தில் விழுந்தது. மேரி நாலு தரம் மட்டை பிடித்து ஒன்றும் இல்லை. ஐந்தாம் இன்னிங்ஸில் எங்கேயோ போன பந்தை ஓடிப்போய் எட்டினாள், எறியும்போது சேறு வழுக்கிவிட்டது. அவளுடைய இலக்கத்துக்குப் பக்கத்தில் பிழை என்று போட்டேன். போடத்தான் வேணும்.

முடிந்தபின் கோச் டெப் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். இறுதிப் போட்டியில் மேரியின் இடத்தில் ஜெஸ்ஸைப் போட நினைக்கிறாளாம். ஷோர்ட்ஸ்டொப், இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில் நிற்கிற இடம். மூன்று வருடமாக அங்கே மேரிதான். இந்தப் பருவம் யார் யார் எவ்வளவு அடித்தார்கள், யார் யார் எத்தனை பிழை விட்டார்கள், ஒரு தாளில் எழுதி வியாழனுக்குள் தரட்டாம். இலக்கம் கையில் இருந்தால் மேரிக்குச் சொல்ல லேசு என்றாள்.

மகள் அபிதான் கார் ஓட்டினாள். விளையாடிய சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஈரச் சொக்ஸோடு. டெப் சொன்னதை அவளிடம் சொல்லவில்லை.

மார்ச் 2, திங்கள்

வெயில். லாப்பில் ஆள் குறைவு, மத்தியானம் வரை இரத்த மாதிரிகள் மலைபோல. கண் நோகுது.

வாங்க: பால், உழுந்து, முழங்காலுக்கு ஐஸ் பை (பழையது ஒழுகுது), என் மனுசன் நகுலனுக்கு ஷேவிங் பிளேட்.

பின்னேரம் தாள் போட்டேன். அடித்தவர்களில் ஜெஸ் முதல். மேரி கடைசி. பிழைகளில் மேரி முதல், பதினொன்று. அடியிலும் மோசம், பிடியிலும் மோசம். அந்தத் தாளை மட்டும் பார்க்கிற எவரும் இவள் ஏன் அணியில் இருக்கிறாள் என்றுதான் கேட்பார்கள்.

பதினொரு பிழையும் என் கையால் போட்டவை.

எழுதிக்கொண்டிருக்கும்போதே மேரியின் அழைப்பு. டெப் கதைத்தது அவளுக்குத் தெரிந்துவிட்டது. மலேசியா, ஈப்போவில் பிறந்த பிள்ளை, கவலையைக்கூடச் சிரித்துக்கொண்டுதான் சொல்லும். அடுத்த மாதம் முப்பத்தொன்பது, இது கடைசிப் பருவமாகக்கூட இருக்கலாம் என்றாள். பிறகு, "அக்கா, எனக்காக ஒண்ணும் பேச வேணாம். உள்ளத உள்ளபடி எழுதிக் குடுங்க, போதும்" என்றாள்.

என் முழங்கால் ஒப்பரேஷனுக்குப் பிறகு ஆறு கிழமை, தினமும் காலையில் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டுபோனவள் இவள். தன் வேலைக்கு அது வழியும் இல்லை. ஒரு நாளாவது பிந்தவில்லை. ஆகையால் நான் யோசிப்பது கணக்கா, நன்றியா? எனக்கே தெரியவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

புழுக்கம். ஐஸ் பை வாங்க மறந்து, உறைந்த பட்டாணிப் பைக்கற்றைக் காலில் வைத்துக்கொண்டு சோபாவில்.

சும்மா புத்தகத்தைப் புரட்டினேன். பெப்ரவரியில் தம்பியின் கலியாணத்துக்கு மேரி மூன்று கிழமை மலேசியா போயிருந்தாள். அந்த மூன்று ஆட்டமும் ஷோர்ட்ஸ்டொப்பில் ஜெஸ். பிழை ஒன்றே ஒன்று. சரி, நல்லது என்று அடுத்த பக்கம் போகப் பார்த்தேன். போக முடியவில்லை.

ஒவ்வொரு அடியும் எந்தப் பக்கத்தால் போனது என்று நான் சின்னக் கோடு போடுவது வழக்கம். டெப் கேட்டதில்லை, என் பழக்கம். ஜெஸ் நின்ற மூன்று ஆட்டத்திலும் அந்தப் பக்கத்தால் நிலத்தோடு உருண்டு தப்பிப்போன பந்துகள் பன்னிரண்டு. ஆட்டத்துக்கு நாலு. மேரி நின்ற ஆட்டங்களில் அதே பக்கத்தால் ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

அந்தப் பன்னிரண்டுக்கும் ஜெஸ்ஸின் பெயரில் பிழை இல்லை. ஏனென்றால் அவள் கிட்டவே போகவில்லை. எட்டாத பந்துக்குப் பிழை எழுத விதியில் இடம் இல்லை, எதிரணிக்கு நல்ல அடி என்று எழுதுவோம். மேரி ஓடிப்போய்த் தொடுகிறாள். தொட்டதில் பத்துக்கு ஒன்று நழுவுகிறது. அதற்குப் பிழை.

ஒன்பது வருடமாகப் புத்தகம் எழுதுகிறேன். இன்றைக்குத்தான் இது மண்டையில் ஏறியது. வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

நகுலன் வந்து காலில் இருந்த பட்டாணியைக் கேட்டார், சமைக்கவாம்.

மார்ச் 4, புதன்

வேலைக்கு லீவு எடுக்கவில்லை, ஆனால் மனம் முழுக்க இதில்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரம் கன்ரீனில் கணக்கு.

மேரியை எப்படியாவது வெல்ல வைக்கத்தான் உட்கார்ந்தேன். உண்மையை எழுதவேண்டும், இது என் நாட்குறிப்பு.

ஜெஸ்ஸின் மட்டையால் மேரியின் மட்டையைவிட ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை ஓட்டம் கூட. மேரியின் கையால் தப்பாமல் நிற்கிற பந்துகள் இரண்டு, இரண்டரை. அப்படி இரண்டு தப்பினால் ஒரு ஓட்டம் போகும் என்பது என் உத்தேசம். ஆக, கொஞ்சம் ஜெஸ் பக்கம்தான் சாய்கிறது. திரும்பக் கூட்டினேன். அதேதான். டெப் பிழையாக யோசிக்கவில்லை.

பின்னேரம் பயிற்சி. பந்து எறிகிற லோரா தோளுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு ஓரத்து வாங்குப் பலகையில் இருந்தாள். இறுதியில் முழு ஆட்டமும் அவள்தான் எறியப்போகிறாள். பின்னால் யார் நின்றால் நல்லது என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். யோசிக்கவே இல்லை, மேரி என்றாள். தான் தாழ்வாக எறிவதால் முக்கால்வாசிப் பேர் நிலத்தில்தான் அடிப்பார்களாம். மேரி நிற்கிறாள் என்றால் பயமில்லாமல் இன்னும் தாழ்வாக எறியலாமாம்.

வீட்டுக்கு வந்து லோரா எறிந்த ஆட்டங்களை மட்டும் பிரித்தேன். அவள் சொன்னது சரி. அந்த நாட்களில் ஷோர்ட்ஸ்டொப்புக்கு வருகிற பந்து இரட்டிப்பு. இப்போது மேரி பக்கம் சாய்கிறது, நிறைய இல்லை, ஆனால் சாய்கிறது.

ஆக, கையா மட்டையா என்பதற்குப் பொதுவாக மறுமொழி இல்லை. யார் எறிகிறார்கள் என்று பார்க்கவேண்டும்.

இத்தோடு நின்றிருக்கலாம். ஜெஸ்ஸின் மட்டையை வாங்கில் சும்மா இருத்திவைப்பதும் மடத்தனம் என்று தோன்றியது. இரண்டு பேரையும் போட்டால் யாரை வெளியே எடுப்பது? மற்ற எட்டுப் பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தேன். ஒரு இடத்தில் பென்சில் நின்றுவிட்டது.

லெஃப்ட் ஃபீல்ட், இடப்பக்கக் கடைசி. லோரா எறிகிற நாளில் அங்கே பந்து வருவது அரிது. நிற்பவளின் அடியும் நடுத்தரம்.

அங்கே நிற்பது என் மகள்.

மார்ச் 5, வியாழன்

காலையில் டெப்புக்கு இரண்டு தாளின் படம் அனுப்பினேன், ஒன்று அவள் கேட்டது, மற்றது மேரியுடையது. லெஃப்ட் ஃபீல்ட் பற்றிய மூன்றாவதை அனுப்பவில்லை. கைப்பைக்குள் மடித்து வைத்தேன்.

லாப்பில் ஒரு மாதிரியின் பெயரை இரண்டு தரம் சரிபார்த்தேன், பிறகும் நம்பிக்கையில்லை.

மத்தியானம் டெப்பின் அழைப்பு. நீண்ட நேரம் கதைத்தாள். தப்பிய பந்துகளைத் தான் எண்ணவே இல்லை என்று ஒத்துக்கொண்டாள். மேரி நிற்கட்டும் என்றாள். ஆனால் ஜெஸ்ஸை என்ன செய்வது என்று பெருமூச்சு. எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

"உள்ளத உள்ளபடி." மேரிக்காக எழுதினேன். மகள் என்றதும் மடித்து வைத்துவிட்டேனே.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் அபி குசினிக்குள் வந்தாள், மருந்துக்கடை வேலை உடுப்போடு, பசியோடு. தேங்காய்ச் சம்பலை விரலால் வழித்துச் சாப்பிட்டுக்கொண்டு நின்றாள். இருபத்தைந்து வயது. தாளை எடுத்துக் கையில் கொடுத்தேன். விளக்கம் சொல்ல வாயெடுத்தேன், வேண்டாம் என்று கையைக் காட்டினாள். கதிரையில் இருந்து முழுக்க வாசித்தாள்.

"கணக்குச் சரியா அம்மா?"

"மூண்டு தரம் பார்த்தனான்."

"டெப்புக்குக் குடுத்தாச்சா?"

"இல்லை. ஏலாமல் கிடந்தது."

தாளோடு எழுந்து அறைக்குப் போனாள். கதவு சாத்திய சத்தம். நகுலன் என்னைப் பார்த்தார், நான் அடுப்பைப் பார்த்தேன்.

பத்து நிமிடம் இருக்கும். வெளியே வந்து, தாளைப் படமெடுத்து டெப்புக்குத் தானே அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். கண் கொஞ்சம் சிவப்பு. பிறகு சோறு போட்டுச் சாப்பிட்டாள், இரண்டாம் தரமும் போட்டாள்.

இந்தப் பிள்ளையைப் பெற நான் என்ன செய்தேன் என்று தெரியவில்லை.

மார்ச் 6, வெள்ளி

காற்று. ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போக நினைத்தது, அவ்வளவு தூரம் காருக்குள் முழங்கால் மடக்கி இருக்க ஏலாது. வீட்டில் விளக்கு மட்டும். வெல்லவேண்டும் என்று கேட்கவில்லை. மேரி, ஜெஸ், அபி, மூன்று பேரின் பெயரைச் சொன்னேன்.

அணி வந்துவிட்டது. ஷோர்ட்ஸ்டொப் மேரி. லெஃப்ட் ஃபீல்ட் ஜெஸ், பள்ளிக்கூடத்தில் அங்கே நின்ற அனுபவம் உண்டாம். அபி வாங்கில், ஆட்டத்தில் இல்லை.

மேரி அழைத்தாள். அபியின் பெயரைப் பார்த்துவிட்டாள். நன்றி சொல்ல வந்தவள் சொல்ல முடியாமல் திணறினாள். "நான் உள்ளபடி எழுதச் சொன்னேன், இவ்வளவு உள்ளபடி வேணாம்கா" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

மார்ச் 7, சனி

உடுப்புத் தோய்த்தல். மூன்று பென்சில் சீவினேன். அபி தன் தொப்பியையும் கழுவிக் காயப்போட்டாள், விளையாடப் போகிறவளைப் போல.

மார்ச் 8, ஞாயிறு

நல்ல வெயில், காற்றே இல்லை.

தோற்றோம். 3-4.

வரிசையாக எழுதிவிடுகிறேன், பிறகு மறந்துபோகும். இரண்டாம் இன்னிங்ஸில் ஜெஸ் வேலிக்கு மேலால் ஒன்று, இரண்டு ஓட்டம். மேரி மூன்று தரம் மட்டை பிடித்து மூன்று தரமும் வெளியே. ஆனால் அவளிடம் வந்த பந்து எட்டு, எட்டும் அவள் கைக்குள். ஆறாம் இன்னிங்ஸில் விழுந்துகொண்டே பிடித்து, முழங்காலில் நின்றபடி எறிந்து ஒருத்தியை வெளியேற்றினாள். மற்றப் பக்கத்து ஆட்கள்கூடக் கை தட்டினார்கள். லோரா கிளவுஸால் தன் நெஞ்சில் தட்டி அவளைக் காட்டினாள்.

ஏழாம் இன்னிங்ஸ், கடைசி. லோராவுக்குக் களைப்பு. பந்து மேலே ஏறத் தொடங்கியது. ஒருத்தி உயர அடித்தாள், லெஃப்ட் ஃபீல்டுக்கு. ஜெஸ் முதலில் முன்னுக்கு ஓடினாள், பிறகு பின்னுக்கு. பந்து தலைக்கு மேலால் போய் விழுந்தது. இரண்டு ஓட்டம்.

அவள் தொடவில்லை. பிழை எழுத முடியாது. நல்ல அடி என்று எழுதினேன்.

மேரிக்குக் கண்டுபிடித்ததை என் பிள்ளைக்குக் காணவில்லையே. லெஃப்ட் ஃபீல்டுக்குப் பந்து வருவதில்லை என்று எழுதினேன். வந்தவற்றை அவள் எப்படிப் பிடித்தாள் என்று எண்ணவே இல்லை.

மேசையில் இருந்தபடியே ஓரத்தில் போட்டுப் பார்த்தேன். அபி நின்றிருந்தால் அந்த இரண்டு ஓட்டம் போயிருக்காது. ஆனால் ஜெஸ் அடித்த இரண்டும் வந்திருக்காது. 1-2. எப்படிப் போட்டாலும் ஒன்றால் தோல்வி. மனம் கொஞ்சம் ஆறியது. முழுக்க இல்லை.

முடிந்தபின் ஜெஸ் வாங்கின் கடைசியில் முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டு இருந்தாள். ஒருவரும் கிட்டப் போகவில்லை. முதலில் போனது அபி. பக்கத்தில் இருந்து காதில் என்னவோ சொன்னாள். ஜெஸ் துவாயை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு மேரி போனாள், லோரா போனாள், டெப்பும் போய் நின்றாள். படம் எடுத்தோம், தோற்ற அணிபோலவே இல்லை.

மேரி போகும்போது என் கையைப் பிடித்து ஒரு நிமிடம் வைத்திருந்தாள். அவள் உள்ளங்கை முழுக்க உரசல். அடுத்த பருவமும் வருவாளாம்.

நார்த்மீட் வீட்டுக்குத் திரும்பி வரும்போது அபிதான் கார் ஓட்டினாள். ஜெஸ்ஸிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"நான் நிண்டிருந்தாலும் அந்தப் பந்தை விட்டிருப்பன் எண்டு சொன்னனான்."

"விட்டிருப்பியா?"

சிக்னலில் பச்சை விழும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லை அம்மா."