பதின்மூன்று வருஷப் படிப்பு

வேப்பனப்பள்ளி,
ஞாயிறு காலை.

அன்பு மகள் சத்யப்ரியாவுக்கு அப்பா எழுதுவது. புனேயில் நீயும் மாப்பிள்ளையும் சுகந்தானே? போனில் பேசினால் உன் அம்மா காதில் விழும். அவளை விட்டு வெளியே போய்ப் பேசவும் மனசு வரவில்லை. அதனால் இதை எழுதி, பக்கத்து வீட்டு மணிகண்டன் போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

அம்மா இதயத்துக்கு என்று நீ நெட்டில் தேடிப் பிடித்த ஓசூர் டாக்டரம்மா மேல் எனக்கு முதல் நாளே சந்தேகம். என்னிடம் தமிழ், அடுத்த நாற்காலிக்காரரிடம் கன்னடம், நம் தெரு வெங்கடம்மாவிடம் தெலுங்கு. எந்த ஊர்க்காரர் என்றே பிடிபடவில்லை. நீங்க என்னதாம்மா படிச்சிருக்கீங்க என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவே இல்லை. அதுவும் எனக்குச் சந்தேகம்தான். டாக்டர் படிப்பு ஐந்தரை வருஷம், பொது மருத்துவம் மூன்று, இதயத்துக்கு மூன்று, இதயம் பலவீனமானவர்களுக்கென்றே ஒன்றரை என்றார். கூட்டினால் பதின்மூன்று. அத்தனை படித்தவர், முன்பு வேலை பார்த்த பெங்களூர் ஆஸ்பத்திரியை விட்டு இங்கே எதற்கு வருகிறார்? ஏதாவது தப்பு செய்தார் என்று துரத்தியிருப்பார்களோ?

வைத்தியமும் அப்படித்தான். ஊறுகாய் கூடாதாம், தண்ணீரை அளந்து குடிக்க வேண்டுமாம், தினம் காலையில் எடை பார்க்க வேண்டுமாம். அட கடவுளே, சந்தைக்கு ஓட்டிப்போகிற ஆடா அவள்? மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறினா உடனே போன் பண்ணுங்க என்றார். எடை ஏறினால் உடம்பு தேறுகிறது என்றுதானே அர்த்தம்? அதற்கும் ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கத் திட்டம் போடுகிறார் என்று நினைத்தேன்.

நீர் பிரிகிற மாத்திரையை நான்தான் நிறுத்தினேன். முட்டிவலியோடு எத்தனை தடவை எழுந்து போவாள்? ஒரே வாரத்தில் நான்கு கிலோ ஏறினாள். முகம் உப்பி, கல்யாணமான புதிதில் இருந்த மாதிரி இருந்தாள். சந்தோஷத்தில் மாங்காய் மண்டியில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரி நர்ஸ் போனில் கேட்டபோது பழைய எடையையே சொன்னேன்.

இப்போது அவள் காலில் கொலுசு ஏறவில்லை. அமுக்கினால் குழி அப்படியே நிற்கிறது. இரண்டு நாளாகப் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்குகிறாள். கேட்டால், ஒண்ணுமில்லைங்க என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது, கண்ணு.

கார் சொல்லிவிட்டேன். வந்ததும் ஓசூருக்குக் கிளம்புகிறோம். பொய் சொன்ன வாயால் டாக்டரம்மாவிடம் பேச எனக்குக் கூசுகிறது. நீ இப்போதே பேசு. மாத்திரையை நிறுத்தினதும், எடையை மாற்றிச் சொன்னதும் அப்பாதான் என்று மறைக்காமல் சொல்லிவிடு. அந்தம்மா படித்ததாகச் சொன்ன ஒவ்வொரு வருஷமும் நிஜமாக இருக்கட்டும், தாயே.

உன் அப்பா,
முனிராஜ்