நெற்றிக்குப் பின்னால் பட்ட அடி

மச்சி,

நேற்று அடையாறில் ஒரு மருத்துவரின் மேசைமேல் பிளாஸ்டிக் மூளை ஒன்று இருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்து நெற்றியில் அடிபட்ட அப்பாவைக் கூட்டிப்போயிருந்தேன். மருத்துவர் அதன் முன்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். எதை முதலில் செய்வது, எதை நிறுத்துவது, எப்போது வாயை மூடுவது, எல்லாவற்றையும் நடத்துவது அந்த இடம்தானாம்.

"இங்க பலமா அடிபட்டாலும் சில பேருக்குப் பேச்சு, ஞாபகம் எல்லாம் நல்லாவே இருக்கும். அதனால வீட்ல சோம்பேறின்னு திட்டுவாங்க."

அப்பாவுக்கு ஒன்றுமில்லை. எனக்குத்தான் உன் முகம் வந்து நின்றது.

தி. நகர் கடையின் புடவைத் தளத்தில் நீயும் நானும் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். ஒரே நேரத்தில் மூன்று குடும்பங்களுக்குக் காட்டுவாய். யார் எந்த நிறம் கேட்டார்கள், யார் சும்மா பார்க்க வந்தவர்கள், எதைக் கடைசியில் எடுத்துப் போடுவது, எதுவும் தப்பாது. தீபாவளிக்கு முன்னால் பைக்கிலிருந்து விழுந்தாய். நெற்றியில் போட்ட தையல் பிரித்த மறுநாளே கடை உன்னைக் கூப்பிட்டது. நாள் முழுக்க நிற்கக் கால் இருந்தால் போதுமே அவர்களுக்கு.

அதன்பிறகு ஒரே புடவையைத் திரும்பத் திரும்ப விரித்தாய். பச்சை கேட்டால் "தோ" என்று சொல்லிவிட்டு அப்படியே நிற்பாய். ஒரு பெண்மணியிடம், "இது உனுக்கு நல்லால்லக்கா, கெழவி மாரி கீது" என்றாய். விரித்ததை மடிக்காமல் விட்டால் பக்கத்தில் நிற்பவன் மடிக்க வேண்டும் என்பது கடை வழக்கம். உன் குவியல் முழுக்க என் தலையில்.

"இன்னாடா, வேணும்னே பண்றியா?"

"இல்ல மச்சி. செய்யணும்னு தெர்து. ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குது."

"போய் பெட்ரோல் போடு."

நீயும் சிரித்தாய்.

மேலாளர் அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நெசமாவே முடியலையா, நடிக்கானா? கூட நிக்கவன் நீதான் சொல்லணும்."

"கொழுப்பு, அண்ணாச்சி."

உன் குவியலை மடித்து மடித்து எனக்கு இடுப்பு வலித்தது. வேறு காரணம் இல்லை. மறுநாள் உனக்கு வேலை இல்லை. வீட்டில் இருந்தபோது வலிப்பு வர ஆரம்பித்தது. மூன்றாவது வலிப்பில் போய்விட்டாய்.

இன்று ஆதம்பாக்கம் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். "வலிப்பு மாத்திர கைக்கு எட்ற தூரத்துலதான்பா இருக்கும். போடுடான்னா தோன்னுவான், போட மாட்டான். சோம்பேறியாவே பூட்டான்" என்றார். மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். வெகுநேரம் அழுதார்.

"அப்ப கடைல யாருக்குமே தெரியலியாப்பா?"

"யாருக்கும் தெரியாதும்மா."

நீ என்னிடம் சொன்னதையும், நான் அண்ணாச்சியிடம் சொன்னதையும் சொல்லவில்லை. எனக்கு நெற்றியில் எந்த அடியும் பட்டதில்லை, மச்சி. எங்கே வாயை மூடுவது என்று நன்றாகவே தெரிகிறது.